மக்ஸன் முதல் மேகசின் வரை

சில நாட்களுக்கு முன்னர், மாலைப் பாடம் முடிந்து கிதாபுகளை மூடிவைத்த வேளையில், நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவர் செய்தித்தாள் ஒன்றைக் கையில் ஏந்தியவராக அருகில் வந்தார்.

"ஹஜ்ரத், ஒரு சந்தேகம். மாதந்தோறும் வீட்டுக்கு வரும் இதழை மேகசின் என்கிறோம். இந்தச் செய்தியிலோ துப்பாக்கியும் இரண்டு மேகசின்களும் பிடிபட்டன என்று போட்டிருக்கிறார்கள். படிக்கிற மேகசினுக்கும் சுடுகிற மேகசினுக்கும் என்ன உறவு?" என்று கேட்டார்.

பக்கத்தில் இருந்த மாணவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை, வியப்பே வந்தது. ஏனெனில், அன்று காலையில்தான் அம்மாணவர் ஸர்ஃப் பாடத்தில் இடத்தைக் குறிக்கும் பெயர்ச்சொற்களை வரிசையாக ஒப்பித்திருந்தார். அவர் ஒப்பித்த சொற்களுள் ஒன்றே அவருடைய வினாவுக்கு விடையாகும். விடையை நாவில் வைத்துக்கொண்டே வினாவைத் தொடுத்தார். அஃது அவருக்குத் தெரியவில்லை.

அன்று அவருக்குச் சுருக்கமாகச் சொன்னதை வாசக அன்பர்களுக்கு இங்கே சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். மக்கள் எவரோடு வாணிகம் செய்தார்கள், எவற்றைக் காக்கத் தக்கவை என்று கருதினார்கள், எவற்றைக் கைவிட்டார்கள் என்பவற்றையெல்லாம் ஒரு சொல்லின் வரலாறே நமக்குக் காட்டிவிடுவது உண்டு. மேகசின் அத்தகைய சொற்களுள் ஒன்று.

வேரும் கிளைகளும்

அரபு மொழிச் சொற்களில் பெரும்பாலானவை மூன்று வேரெழுத்துகளிலிருந்து கிளைப்பவை என்பதை மதரஸாவின் முதல் வகுப்பிலேயே பிள்ளைகள் கற்றுக்கொள்கின்றனர். கா, ஸா, நூன் என்னும் மூன்று எழுத்துகள் சேர்ந்த வேருக்குச் சேமித்தல், சேர்த்துப் பாதுகாத்தல் என்பது பொருள். 'கஸன' என்றால் சேமித்து வைத்தான். 'காஸின்' என்றால் சேமிப்பைக் காப்பவர். 'கிஸானா' என்றால் சேமித்து வைக்கும் பெட்டகம் அல்லது கருவூலம். சேமித்து வைக்கும் இடம் 'மக்ஸன்'.

ஒரு செயல் நிகழும் இடத்தைக் குறிக்க, வேரின் முன்னே மீம் என்னும் எழுத்தைச் சேர்ப்பது அரபு இலக்கணத்தின் வழக்கம். ஸஜ்தா செய்யும் இடம் மஸ்ஜித். பாடம் பயிலும் இடம் மதரஸா. அமரும் இடம் மஜ்லிஸ். எழுதப் பழகும் இடம் மக்தப். இவையெல்லாம் நம் வீடுகளில் நாள்தோறும் வழங்கும் சொற்கள். இவற்றோடு உடன்பிறந்ததே மக்ஸன் என்பதும். அதன் பன்மை 'மகாஸின்'. இப்பன்மையை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மாணவருடைய வினாவுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

இவ்வேரிலிருந்து பிறந்த மற்றொரு சொல் வேறு வழியாகத் தமிழுக்கு வந்து நெடுங்காலமாயிற்று. அரசருடைய கஜானா, அரசாங்கக் கஜானா என்று நாம் சொல்லும் கஜானா, அரபுக் கிஸானாவே ஆகும். பாரசீகமும் உருதுவும் ஆட்சிமொழிகளாக இருந்த காலத்தில் அது தரைவழியே வடக்கிலிருந்து நம்மை அடைந்தது. மேகசினோ கடல்வழியே மேற்கிலிருந்து ஆங்கிலத்தின் தோளில் ஏறி வந்தது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர், ஒருவரையொருவர் அறியாமல், ஒரே வீட்டில் வாழ்ந்து வருகின்றனர்!

திருக்குர்ஆனிலும் இவ்வேர் பல இடங்களில் பயின்று வருகிறது. கருவூலங்களைக் குறிக்கும் 'கஸாயின்' என்னும் பன்மைச் சொல்லை ஓதாதவர் நம்முள் இருக்கமாட்டார். சுவர்க்கத்தையும் நரகத்தையும் காக்கும் வானவர்களுக்கும் இவ்வேரிலிருந்தே பெயர் வழங்கப்படுகிறது. எல்லாவற்றையும்விட நம் மனத்தில் நிற்பது நபி யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாறு. எகிப்தின் அரசர் கண்ட கனவுக்கு அவர்கள் பொருள் உரைத்தார்கள். ஏழாண்டுச் செழிப்பில் விளைந்ததைக் கதிரோடு சேமித்து, அடுத்து வரும் ஏழாண்டுப் பஞ்சத்துக்குக் காக்கவேண்டும் என வழி கூறினார்கள். பின்னர் அந்நாட்டுக் களஞ்சியங்களின் பொறுப்பைத் தம்மிடம் தருமாறு கேட்டார்கள். அப்பொறுப்புக்குத் தம்மிடம் உள்ள தகுதிகளாக அவர்கள் எடுத்துரைத்தவை இரண்டு: காக்கும் பண்பு ஒன்று, அறிவு மற்றொன்று. இவ்விரண்டையும் வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும். கட்டுரையின் முடிவில் அவற்றிடம் திரும்பி வருவோம்.

துறைமுகங்கள் தந்த சொல்

மக்ஸன் எவ்வாறு ஐரோப்பாவுக்குப் போயிற்று? படையோடு போகவில்லை; சரக்கோடு போயிற்று.

12, 13ஆம் நூற்றாண்டுகளில் வெனிஸ், ஜெனோவா, பைசா, மார்செய் ஆகிய நகரங்களின் வணிகர்கள் மத்தியதரைக் கடலைக் கடந்து அலெக்சாந்திரியா, துனிஸ், பிஜாயா முதலிய முஸ்லிம் துறைமுகங்களுக்கு வந்து போயினர். மிளகும் சர்க்கரையும் தோலும் துணியும் மெழுகும் அங்கே கைமாறின. வந்த வணிகர் தங்குவதற்கு 'ஃபுன்துக்' எனப்படும் விடுதிகள் இருந்தன. சரக்கை இறக்கி வைக்க மகாஸின்கள் இருந்தன. ஆண்டில் பல மாதங்கள் அவற்றிலேயே உழன்ற வணிகர்கள் சரக்கோடு சேர்த்து அச்சரக்கறைகளின் பெயரையும் ஊருக்கு எடுத்துச் சென்றனர். 1228இல் மார்செய் நகரில் எழுதப்பட்ட லத்தீன் ஆவணத்தில் இச்சொல் 'மகஸேனும்' என்னும் வடிவில் காணப்படுகிறது. ஐரோப்பிய ஏடுகளில் இச்சொல்லுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் இஃதொன்று.

அது தனியே போகவுமில்லை. கட்டண விகிதத்தைக் குறிக்கும் 'டாரிஃப்', அறிவித்தல் என்னும் பொருளுள்ள அரபு 'தஃரீஃப்' என்பதிலிருந்து இத்தாலி வழியாக வந்தது. படைக்கலச் சாலையைக் குறிக்கும் 'ஆர்சனல்', தொழிற்கூடம் என்னும் பொருளுள்ள 'தாருஸ் ஸினாஆ' என்பதன் திரிபு. பிரெஞ்சு மொழியில் சுங்கச் சாவடிக்கு வழங்கும் 'துவான்' என்னும் பெயர் நம் 'தீவான்' என்னும் சொல்லே. இவையனைத்தும் கப்பல், சுங்கம், கிடங்கு ஆகியவற்றைச் சார்ந்தவை என்பதைக் கவனிக்கவேண்டும். எந்தத் துறையில் இரு சமூகத்தார் நெருங்கிப் பழகினார்களோ அந்தத் துறையின் சொற்களே கைமாறியிருக்கின்றன. சிலுவைப் போர்கள் நடந்துகொண்டிருந்த அதே நூற்றாண்டுகளில் இந்தக் கொடுக்கல் வாங்கலும் நடந்து வந்தது என்பது சிந்திக்கத் தக்கது.

போன இடங்களில் அச்சொல் எடுத்த உருவங்கள் சுவையானவை. ஸ்பெயின் நாட்டார் 'அல்' என்னும் அரபு முன்னொட்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு 'அல்மஸேன்' என்றனர். போர்த்துக்கீசியர் 'அர்மஸேம்' என்றனர். இத்தாலியர் 'மகத்ஸீனோ' என்றும் பிரெஞ்சுக்காரர் 'மகஸேன்' என்றும் வழங்கினர். மகாஸின் என்னும் பன்மையையே ஒருமையாகக் கருதிவிட்டனர் போலும்! பிரான்சில் கிடங்கு மெல்லக் கடையாயிற்று. இன்று பாரிஸ் நகரில் மகஸேனுக்குப் போகிறேன் என்றால் கடைக்குப் போகிறேன் என்பது பொருள். ரஷ்யாவிலும் 'மகஸீன்' என்றால் கடைதான். கிரேக்க மொழியில் 'மகஸி' என்பதும் கடையையே குறிக்கும்.

மேலும் ஒரு விந்தை உண்டு. பாரசீக மொழியில் அரபு வழியாக வந்த மக்ஸன் முன்னரே இருந்தது. அதன்மேல், பிரெஞ்சுக்காரரின் மகஸேனும் பிற்காலத்தில் 'மகாஸே' எனக் கடைக்குப் பெயராக வந்து சேர்ந்தது. துருக்கியிலும் அவ்வாறே: நிலவறைக்கு 'மஹ்ஸென்', பெரிய கடைக்கு 'மாஸா'. பின்னது எழுத்தில் இன்றும் 'ககர' ஒலியின் அடையாளத்தைத் தாங்கி நிற்கிறது. வெளிநாடு சென்ற மகன் பல்லாண்டுகள் கழித்து வேற்று உடையில் திரும்பிவந்து, அடையாளம் தெரியாததால் விருந்தாளியாக உபசரிக்கப்பட்டான் என்பதைப் போன்றது இது. மொராக்கோவிலோ அச்சொல் வேறு உயரம் சென்றது. வரிப்பணம் சேரும் கருவூலத்தைக் குறித்த மக்ஸன் அங்கே அரசாட்சிக்கே பெயராகிவிட்டது.

மருந்தறை

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல் ஆங்கிலத்தில் புகுந்தது. முதலில் அங்கும் சரக்கறை என்பதே பொருள். ஆயினும் அக்காலம் பீரங்கியின் காலம். கோட்டைகளிலும் கப்பல்களிலும் மிகுந்த எச்சரிக்கையோடு காக்கப்பட்ட அறை வெடிமருந்து அறை. ஆகவே மேகசின் என்றவுடன் வெடிமருந்துக் கிடங்கே நினைவுக்கு வரும் நிலை ஏற்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் அடுத்தடுத்துச் சுடும் துப்பாக்கிகள் தோன்றியபோது, குண்டுகளைச் சேர்த்து வைக்கும் சிறு பெட்டிக்கும் அப்பெயரே இடப்பட்டது. கோட்டையின் பேரறை கைக்குள் அடங்கும் பேழையாகச் சுருங்கியது. பெயர் மட்டும் சுருங்கவில்லை. இலங்கைத் தமிழ்ச் செய்தித்தாள்களில் கொழும்பு மகசின் சிறைச்சாலை என்று படிக்கிறோமே, அங்கும் இந்தச் சொல்லே நின்று பேசுகிறது.

இப்பொருளில் இச்சொல் இந்திய வரலாற்றில் இரத்தத்தால் எழுதப்பட்ட நாள் ஒன்று உண்டு. அது 1857 மே 11. மீரட்டிலிருந்து கிளர்ந்து வந்த சிப்பாய்கள் டில்லிக்குள் நுழைந்த நாள். நகரிலிருந்த கம்பெனியின் மேகசினை அவர்கள் முற்றுகையிட்டனர். உள்ளே லெப்டினன்ட் வில்லபி என்பவர் எட்டுப் பேருடன் சில மணி நேரம் எதிர்த்து நின்றார். இனிக் காக்க இயலாது என்றானதும், மருந்து அனைத்துக்கும் தீ வைத்துக் கிடங்கைத் தகர்த்தார். வெளியே திரண்டிருந்தோர் பெருந்தொகையில் மாண்டனர். அக்கிடங்கின் வாயில் டில்லியில் காஷ்மீரி வாயிலுக்கு அருகே இன்றும் நிற்கிறது.

அதே டில்லியில் அந்நாளில் மற்றொரு களஞ்சியமும் இருந்தது. மவுல்வி முஹம்மது பாக்கிர் நடத்திய 'டில்லி உருது அக்பார்' என்னும் வார ஏடு அது. 1857 ஜூலையில், முகலாயப் பேரரசர் பஹதூர்ஷா ஸஃபரின் பெயரால், ஏட்டின் பெயரை 'அக்பாருஸ் ஸஃபர்' என மாற்றி அவர் தொடர்ந்து எழுதினார். செப்டம்பரில் ஆங்கிலேயர் டில்லியைத் திரும்பப் பிடித்ததும் அவரைக் கொன்றனர். உருது இலக்கியத்தில் நிலைத்த பெயர் பெற்ற முஹம்மது ஹுஸைன் ஆஸாத் இவருடைய மகனாவார். மருந்தறை ஒரே நாளில் வெடித்து அடங்கிவிட்டது. அம்மவுல்வியின் ஏடுகளில் எஞ்சியவற்றையோ வரலாற்று அறிஞர்கள் இன்றும் புரட்டிப் பார்க்கின்றனர். அக்காலத்து டில்லியின் குரல் அவற்றிலேதான் கேட்கிறது.

ஏட்டுக் களஞ்சியம்

இனி, படிக்கும் மேகசினுக்கு வருவோம்.

அறிவைப் பொருளாகவும் நூலைக் களஞ்சியமாகவும் எண்ணும் வழக்கம் கீழைநாட்டு அறிஞர்களிடம் தொன்றுதொட்டே இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் கன்ஜா நகரத்துப் பாரசீகக் கவிஞர் நிஸாமி தம் முதற்பெரும் காவியத்துக்கு 'மக்ஸனுல் அஸ்ரார்' என்று பெயரிட்டார். இரகசியங்களின் களஞ்சியம் என்பது பொருள். 17ஆம் நூற்றாண்டில் அப்துல் காதிர் அல்பக்தாதி அரபு இலக்கியச் செய்திகளையெல்லாம் திரட்டி எழுதிய பெருநூலுக்குப் பெயர் 'கிஸானத்துல் அதப்'. இலக்கியக் கருவூலம் என்பது பொருள்.

அதே 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில நாட்டிலும் நூல்களுக்கு மேகசின் எனப் பெயரிடலாயினர். 1669இல் சாமுவேல் ஸ்டர்மி என்னும் கப்பல் தலைவர், கடலோடிகளுக்கு வேண்டிய கணக்கையும் கருவிகளையும் வழிகளையும் தொகுத்து, 'மாலுமிகளின் மேகசின்' என்னும் பெயரில் நூல் வெளியிட்டார். நிஸாமியைப் பார்த்து அவர் பெயரிட்டார் என்று நாம் சொல்ல வரவில்லை. களஞ்சியத்தைக் கண்ட மனிதன் எந்நாட்டவனாயினும் அறிவைச் சேர்த்துவைக்கும் நூலுக்கு அதை உவமையாக்கியே தீருவான் போலும்.

எனினும், திங்கள்தோறும் வெளிவரும் இதழுக்கு அப்பெயரைச் சூட்டியவர் எட்வர்ட் கேவ் என்னும் ஆங்கிலேயர். செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்து, அச்சுத் தொழில் பயின்று, அஞ்சல் அலுவலகத்திலும் பணியாற்றியவர் அவர். லண்டன் நகரில் வெளிவந்த பல ஏடுகளைப் புரட்டும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. அவற்றில் வரும் நல்ல கட்டுரைகளையும் செய்திகளையும் சுருக்கித் தொகுத்து, மாதம் ஒருமுறை ஒரே புத்தகமாகத் தந்தால் என்ன என்று எண்ணினார். புத்தக வணிகர் பலரிடம் இத்திட்டத்தைச் சொல்லிப் பார்த்தார். ஒருவரும் துணியவில்லை. ஆகவே தாமே தொடங்கினார். 1731 ஜனவரியில் 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' பிறந்தது. பலர் எழுதியவற்றைச் சேர்த்துவைக்கும் சரக்கறை என்பதே அப்பெயரின் கருத்து.

வெற்றி அவரே எதிர்பாராதது. மறு ஆண்டே போட்டியாக 'லண்டன் மேகசின்' தோன்றியது. வறுமையில் வாடிய இளம் எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் 1738 முதல் கேவின் இதழில் எழுதிப் பிழைத்தார். பாராளுமன்றப் பேச்சுகளை வெளியிடத் தடை இருந்தமையால், கற்பனை நாடொன்றின் சபையில் நடந்த விவாதம் என்று பெயர் மாற்றி அவ்விதழ் அவற்றை வெளியிட்டு வந்தது. அதே ஜான்சன் 1755இல் தம் புகழ்பெற்ற அகராதியை வெளியிட்டபோது, மேகசின் என்னும் சொல்லுக்குச் சேமக்கிடங்கு என்னும் பழம்பொருளைத் தந்து, அண்மைக் காலத்தில் பல்சுவை வெளியீட்டையும் அது குறிக்கிறது என்றும், அவ்வழக்கம் கேவின் இதழால் வந்தது என்றும் குறித்தார். தமக்குச் சோறு போட்டவருக்கு அகராதியிலேயே நன்றி செலுத்திவிட்டார்!

இங்கே ஒன்றை நேர்மையோடு சொல்லவேண்டும். மேகசின் எங்கள் சொல் என்று நம்மவர் சிலர் மேடையில் முழங்குவதைக் கேட்டிருக்கிறோம். சொல் அரபு மொழியினுடையதே, அதில் ஐயமில்லை. ஆனால் மாத இதழ் என்னும் பொருளை அதற்குத் தந்தவர் அந்தச் செருப்புத் தொழிலாளியின் மகன். அவரும் அச்சொல்லைத் தம் மொழியின் சொல்லாகவே எண்ணியிருப்பார். வேர் ஒருவருடையது, கனி மற்றொருவருடையது என்றால், இருவருக்கும் நன்றி கூறுவதே அறிவுடைமை. அரபுகளுமே இதற்காக வழக்காடவில்லை. மாத இதழை அவர்கள் 'மஜல்லா' என்கின்றனர். நூலேட்டைக் குறித்த அவர்களுடைய பழஞ்சொல் அது. மக்ஸனைச் சரக்கறைக்கே விட்டுவிட்டனர்.

ஆயினும் அச்சொல் இதழின் பெயராக ஒருமுறை நம் துணைக்கண்டத்தில் தன் சொந்த உருவத்திலேயே தோன்றியது. 1901 ஏப்ரலில் லாகூரில் ஷைகு அப்துல் காதிர் என்னும் அறிஞர் உருது மாத இதழ் ஒன்றைத் தொடங்கி அதற்கு 'மக்ஸன்' என்று பெயரிட்டார். ஆங்கிலக் கல்வி பெற்ற அவர், மேகசினின் மூலத்தை அறிந்தே அப்பெயரை எடுத்தாண்டார் எனக் கொள்வதில் பிழையிருக்காது. முதல் இதழில் இளைஞர் ஒருவர் இமயமலையைப் பாடிய கவிதை வெளியாயிற்று. அவ்விளைஞரே பிற்காலத்து அல்லாமா இக்பால். மார்செய்க்கும் வெனிசுக்கும் லண்டனுக்கும் போய்வந்த சொல் லாகூரில் தன் பெயரைத் திரும்பப் பெற்றது. அன்றே ஒரு மகாகவியின் பாட்டையும் சேமித்துக் கொண்டது.

கிடங்கும் குடோனும்

சேமிப்பறையைக் குறிக்கும் சொல் ஒன்றை உலகுக்குத் தந்த பெருமை அரபு மொழிக்கு மட்டும் உரியதன்று. நம் தமிழுக்கும் அதில் பங்குண்டு என்பதை இங்கே சொல்லாவிட்டால் தாய்மொழிக்குக் குறை வைத்தவர்களாவோம்.

பழந்தமிழில் கிடங்கு என்றால் அகழி, குழி. பின்னர் அது பொருள்களைச் சேர்த்துவைக்கும் இடத்துக்கும் பெயராயிற்று. கீழைக்கடல் வாணிகத்தில் தமிழ் வணிகரும் தெலுங்கு வணிகரும் மலாய்த் துறைமுகங்களில் தங்கி வாழ்ந்தனர். மலாய் மொழியில் சரக்கறைக்கு வழங்கும் 'கூடாங்' என்னும் பெயர் தமிழ்க் கிடங்கு, தெலுங்குக் கிடங்கி ஆகியவற்றின் வழியே வந்தது என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. மலாய்க்காரரிடமிருந்து போர்த்துக்கீசியர் எடுத்தனர். அவர்களைப் பின்பற்றி ஆங்கிலேயர் 'கோடவுன்' ஆக்கினர். ஆங்கிலேயரிடமிருந்து நாம் 'குடோன்' என்று திரும்பப் பெற்றோம்! நம் வணிகப் பெருமக்கள் இன்று அரிசிக் குடோன், வெங்காயக் குடோன் என்கின்றனர். பாட்டன் வீட்டுப் பண்டத்தை அடுத்த வீட்டாரிடம் விலைக்கு வாங்கிவந்து, புதுப்பண்டம் என்று காட்டி மகிழ்வது போன்றதே இது. மகாஸேயைத் திரும்ப வாங்கிய பாரசீகரைப் பார்த்து நாம் சிரிக்க இடமில்லை.

மேற்குக் கடலில் மக்ஸன், கீழைக் கடலில் கிடங்கு. இரண்டும் ஆங்கிலத்தில் போய்ச் சந்தித்தன. அரபு ஓதித் தமிழ் பேசும் நமக்கு இரண்டும் சொந்தம்.

காஸின் யார்?

இவ்வளவையும் கேட்ட அம்மாணவர், "அப்படியானால் இரண்டு மேகசினும் ஒன்றுதான், ஹஜ்ரத். ஒன்றில் மருந்து, மற்றொன்றில் எழுத்து" என்றார். நாம், "ஆம். ஆனால் மக்ஸன் இருந்தால் மட்டும் போதுமா? காலையில் மக்ஸனுக்கு முன் எந்தச் சொல்லை ஒப்பித்தீர்?" என்றோம். சற்றே யோசித்து, "காஸின்" என்றார்.

காப்பவர் இல்லாத களஞ்சியம் என்னவாகும் என்பதை நாம் ஒருமுறை கண்ணாரக் கண்டிருக்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரின் மளிகைக் கடையில் மிளகு வாங்கினோம். வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தால், அது பழைய தமிழ் முஸ்லிம் மாத இதழ் ஒன்றின் தாள். மரக்கலம் வைத்து வாணிகம் செய்த மரைக்காயர்களைப் பற்றிய கட்டுரை அது. கப்பல்களின் பெயர்களும் நகுதாக்களின் பெயர்களும் வரிசையாகத் தொடங்கி, மூன்றாம் பெயரில் தாள் முடிந்துவிட்டது. உடனே கடைக்கு விரைந்தோம். "அந்தக் கட்டு நேற்றோடு தீர்ந்துவிட்டது, பாய்" என்றார் கடைக்காரர். விசாரித்ததில், மார்க்க அறிஞர் ஒருவர் ஆயுள் முழுவதும் சேர்த்த இதழ்கள் அவை என்றும், அவர் மறைந்தபின் வீடு வெள்ளையடிக்கும்போது எடைக்குப் போடப்பட்டன என்றும் தெரிந்தது. மற்ற நகுதாக்களின் பெயர்கள் சீரகத்தோடும் கடுகோடும் எந்தெந்த வீட்டு அடுப்படிக்குப் போயினவோ! அந்த ஒரு தாள் இன்றும் நம்மிடம் இருக்கிறது. மூன்று பெயர்கள் இருக்கின்றன. மற்றவை போயின.

இது ஒரு வீட்டின் கதையன்று. 1882இல் இலங்கையில் அறிஞர் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' ஏட்டைத் தொடங்கினார். 1887இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' நடத்தினார். 20ஆம் நூற்றாண்டில் பா. தாவூத் ஷா 'தாருல் இஸ்லாம்' இதழால் தமிழ் முஸ்லிம்களிடையே படிக்கும் பழக்கத்தையே வளர்த்தார். இவர்களைத் தொடர்ந்து ஊருக்கு ஊர் எத்தனையோ இதழ்கள் தோன்றின. ஓராண்டு ஈராண்டு வாழ்ந்து மறைந்தன. நம் பாட்டன்மார் எதற்காக வாதிட்டனர், பெண்கல்வியைப் பற்றி என்ன எண்ணினர், கடல் கடந்து சென்றவர் என்ன எழுதினர், எந்த ஊரில் எந்த மதரஸா எவ்வாறு எழுந்தது என்பவற்றுக்கெல்லாம் அரசாங்க ஆவணங்களில் விடை கிடைப்பது அரிது. அவை அந்த இதழ்களிலேதான் உள்ளன. அந்த இதழ்களோ பரணிலும் பெட்டியிலும் கறையானுக்கு இரையாகிக் கொண்டிருக்கின்றன.

ஆசிரியரை மட்டும் காஸின் என்று எண்ணிவிடலாகாது. அவர் களஞ்சியத்தில் நெல்லைக் கொட்டுபவர். அதைக் காப்பவர் இதழை வாங்கும் குடும்பத்தாரே. நபி யூஸுஃப் (அலை) அவர்கள் கூறிய இரு தகுதிகளும் அவர்களிடம் வேண்டும். காக்கும் பண்பு இல்லையேல் அறிவு எடைக்குப் போகும். அறிவு இல்லையேல் எதைக் காப்பது, எதைக் கழிப்பது என்று தெரியாமல் போகும்.

இவற்றோடு மூன்றாவது தகுதி ஒன்றும் உண்டு. நம்பிக்கைக்குரிய காஸின், தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைக் கொடுக்கவேண்டியவருக்குக் குறைவின்றி, மனமுவந்து கொடுத்தால், தருமம் செய்தவரின் நன்மையில் அவருக்கும் பங்குண்டு என்பது நபிமொழியின் கருத்து. பூட்டி வைப்பவர் மட்டும் காஸின் அல்லர். உரியவருக்குத் திறந்து கொடுப்பவரும் அவரே. யூஸுஃப் நபியின் களஞ்சியம் பஞ்சகாலத்தில் திறக்கப்பட்டதனால் அன்றோ மக்கள் பிழைத்தனர்!

ஆகவே வாசகப் பெருமக்களிடம் நாம் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. வீட்டில் பழைய இதழ்கள் இருந்தால் ஒருமுறை இறக்கித் தூசி தட்டிப் பாருங்கள். ஆண்டுவாரியாக அடுக்கிப் பைண்டு செய்து வையுங்கள். வைக்க இடமில்லையேல், ஊரிலுள்ள மதரஸா நூலகத்துக்கோ, ஆய்வு செய்யும் மாணவருக்கோ கொடுத்துவிடுங்கள். இக்காலத்தில் தாள்களைப் படமெடுத்துச் சேமிக்கும் வசதியும் வந்துவிட்டது. வீட்டுப் பிள்ளைகளே அதை நொடியில் செய்து தருவர்.

அம்மாணவர் மறுநாள் பாடத்துக்குச் சற்றுத் தாமதமாக வந்தார். காரணம் கேட்டோம். பாட்டனாரின் மரப்பெட்டியைத் திறந்து பார்த்ததாகவும், மேலிருந்த கட்டைக் கறையான் தின்றுவிட்டதாகவும், அடியிலிருந்த இருபத்தேழு இதழ்கள் நல்ல நிலையில் உள்ளனவாகவும் சொன்னார். தாமதத்துக்காக அன்று நாம் அவரைக் கடியவில்லை.